வெளிச்சத்தைத் தேடுங்கள்: ஸ்காபரோவின் அம்மாமாருக்கும் அப்பாமாருக்கும் ஒரு திறந்த மடல்

அன்புள்ள அம்மாமாரே, அப்பாமாரே,

நவம்பர் முதல் ஞாயிற்றுக்கிழமையோடு கடிகாரம் ஒரு மணித்தியாலம் பின்னே போகிறது. முதல் நாள் ஆறு மணிக்கு இறங்கிய சூரியன் மறுநாள் ஐந்து மணிக்கே இறங்கிவிடுகிறது. டிசம்பரில் நாலே முக்காலுக்கு முன்னரே மறைந்துவிடும். பேரப்பிள்ளைகள் பள்ளிக்கூடத்தால் வந்து சாப்பிட்டு முடிக்கும்போது யன்னலுக்கு வெளியே இருட்டு. இந்த நாட்களில்தான் உங்களில் பலர் ஒரே மாதிரியான வார்த்தைகளைச் சொல்லத் தொடங்குகிறீர்கள். "ஒண்டுக்கும் மனமில்லை." "உடம்பெல்லாம் உளையுது." "ஏன் வந்தம் எண்டு கிடக்கு." "விடிஞ்சா என்ன, விடியாட்டி என்ன."

கோயில் மண்டபத்திலும், நூலகத்திலும், முதியோர் ஒன்றுகூடல்களிலும் உங்களோடு இருந்து கதைக்கிற ஒருத்தி நான். சித்திரையில் கலகலவென்று இருக்கும் அதே அம்மா கார்த்திகையில் வாய் திறக்காமல் இருப்பதைப் பார்க்கிறேன். வெயில் காலத்தில் மிளகாய்க் கன்றுக்கும் கறிவேப்பிலைக்கும் தண்ணீர் விட்டுக்கொண்டு நிற்கும் ஐயா, குளிர் வந்ததும் கட்டிலை விட்டு எழும்பப் பஞ்சிப்படுவதையும் பார்க்கிறேன். அந்தச் சோர்வை வயதின் மீதோ, கிரகத்தின் மீதோ, உங்கள் குணத்தின் மீதோ போட்டுவிட்டுச் சும்மா இருந்துவிடாதீர்கள் என்று கேட்கத்தான் இந்த மடல். அதற்கு ஒரு காரணம் இருக்கிறது. காரணம் தெரிந்தால் செய்யக்கூடிய காரியங்களும் இருக்கின்றன.

நாம் இந்த நாட்டுக்கு வந்த நாள் முதல் குளிரோடு போராடப் பழகிக்கொண்டோம். கோட்டு, தொப்பி, கையுறை, கம்பளிக் காலுறை எல்லாம் வாங்கினோம். ஹீற்றரைக் கூட்டி வைத்தோம். வெப்பம் வெளியே போய்விடும் என்று தடித்த திரைச்சீலையை இழுத்து மூடினோம். ஆனால் உங்கள் மனத்தை அமுக்குவதில் குளிரைவிட இருட்டுக்குத்தான் பங்கு அதிகம். குளிருக்குப் பயந்து யன்னலையும் மூடிக்கொண்டு வீட்டுக்குள் இருந்தபோது, கிடைத்த கொஞ்ச வெளிச்சத்தையும் நாமே அடைத்துவிட்டோம். நான் சொல்ல வருவது இவ்வளவுதான்: இத்தனை காலம் வெப்பத்தைத் தேடியதுபோல, இனி வெளிச்சத்தையும் தேடுங்கள்.

யாழ்ப்பாணத்தில் ஆண்டின் மிகக் குறுகிய பகலே பதினொன்றரை மணித்தியாலம் வரும். மிக நீண்ட பகலுக்கும் அதற்கும் உள்ள வித்தியாசம் ஏறக்குறைய ஒரு மணித்தியாலம்தான். அந்த மண்ணில் ஐம்பது அறுபது வருடம் வாழ்ந்த உடம்புகள் உங்களுடையவை. ரொறன்ரோவில் ஆனியில் பகல் பதினைந்தரை மணித்தியாலம். டிசம்பர் 21ஆம் திகதி ஒன்பது மணித்தியாலத்துக்கும் சற்றுக் குறைவு. ஆறரை மணித்தியால வெளிச்சம் ஆறு மாதத்துக்குள் காணாமல் போகிறது. போதாததற்கு வானம் நாட்கணக்கில் மப்பாகவே கிடக்கும். இந்த மாற்றத்துக்கு உடம்பு ஒன்றும் சொல்லாமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

இதை மருத்துவ உலகத்துக்கு எடுத்துச் சொன்னவரும் நம்மைப்போல் வெயில் நாட்டிலிருந்து குடிபெயர்ந்தவர்தான். நோர்மன் ரோசந்தால் என்ற மனநல மருத்துவர் தென்னாபிரிக்காவிலிருந்து நியூயோர்க்குக்கு வந்தவர். அங்கே குளிர்காலம் வந்தபோது தன் உற்சாகம் வடிந்துபோவதையும், இளவேனிலில் அது திரும்பி வருவதையும் அவர் தன்னிலேயே கண்டார். பின்னர் அமெரிக்காவின் தேசிய மனநல நிறுவனத்தில் சக ஆய்வாளர்களோடு சேர்ந்து, இப்படி ஆண்டுதோறும் குளிர்காலத்தில் சோர்ந்துபோகும் 29 பேரைப் பற்றி 1984இல் ஒரு கட்டுரை எழுதினார். பருவகால மனச்சோர்வு என்று இன்று மருத்துவர்கள் சொல்லும் நோய் அப்படித்தான் பெயர் பெற்றது. பிரகாசமான செயற்கை வெளிச்சத்தால் அதைத் தணிக்கலாம் என்பதையும் அதே கட்டுரை காட்டியது.

கனடிய மனநலச் சங்கத்தின் கணக்குப்படி, இந்த நாட்டில் நூற்றுக்கு இரண்டு மூன்று பேருக்கு வாழ்நாளில் இந்த நோய் வருகிறது. இன்னும் பதினைந்து பேருக்கு அதன் இலேசான வடிவம் வருகிறது. இங்கேயே பிறந்து, பனியில் சறுக்கி விளையாடி வளர்ந்தவர்களும் இதில் அடக்கம். ஆகவே, "வெள்ளைக்காரர் சிரிச்சுக்கொண்டு திரியினம், எங்களுக்குத்தான் ஏலாமல் கிடக்கு" என்று நினைத்து வெட்கப்படத் தேவையில்லை.

வெளிச்சம் எப்படி மனத்தைத் தொடுகிறது? கண்ணின் உட்புறத் திரையில், பார்ப்பதற்கான கலங்களைத் தவிர வேறு ஒரு வகைக் கலங்களும் இருக்கின்றன. 2002ஆம் ஆண்டளவில்தான் விஞ்ஞானிகள் அவற்றை இனங்கண்டார்கள். வெளியே பகலா இரவா என்று மூளைக்குள் இருக்கும் உடற்கடிகாரத்துக்குச் சொல்வது அவற்றின் வேலை. காலையில் நல்ல வெளிச்சம் கண்ணில் பட்டால், நித்திரையைத் தூண்டும் மெலற்றோனின் என்ற சுரப்பு அடங்கும். உடம்பு பகல் வேலைக்குத் தயாராகும். இரவில் நேரத்துக்கு நித்திரையும் வரும். வெளிச்சம் படாவிட்டால் அந்தக் கடிகாரம் பிந்திப் போகும். பகலில் தூக்கம் தள்ளும், இரவில் கண் மூடாது. சோறு, பாண், பிஸ்கற், இனிப்பு என்று மாப்பொருளில் ஆசை கூடும். நீரிழிவு உள்ளவருக்குச் சீனி ஏறும். கைகால் ஈயம்போல் கனக்கும்.

வயது போனவர்களுக்கு இதில் இன்னும் ஒரு சங்கடம் உண்டு. வயதோடு கண்ணின் வில்லை மஞ்சளாகிறது, வெண்புரையும் படர்கிறது. உடற்கடிகாரத்துக்கு மிகவும் தேவையான நீல நிற ஒளியைத்தான் அது கூடுதலாக மறிக்கிறது. ஆகவே இருபது வயதுப் பேரனுக்குப் போதுமான வெளிச்சம் எழுபது வயது அம்மம்மாவுக்குப் போதாது.

"வீட்டில லைற் எல்லாம் போட்டுத்தானே வைச்சிருக்கிறம்" என்று நீங்கள் சொல்லலாம். இங்கேதான் நம் கண் நம்மை ஏமாற்றுகிறது. வெளிச்சத்தை லக்ஸ் என்ற அலகில் அளப்பார்கள். இரவில் விளக்குப் போட்ட வரவேற்பறையில் நூறு, இருநூறு லக்ஸ் இருக்கும். மப்பும் மந்தாரமுமாக இருக்கும் குளிர்காலப் பகலில்கூட வெளியே சில ஆயிரம் லக்ஸ் இருக்கும். வெயில் எறித்து, நிலத்தில் பனியும் கிடந்தால் பல்லாயிரமாகும். சாம்பல் நிற வானத்தைப் பார்த்து "இண்டைக்கு வெளிச்சமே இல்லை" என்று நாம் சொல்கிற நாளிலும், வாசலுக்கு வெளியே இருப்பது அறைக்குள் இருப்பதைப் போல் பல மடங்கு. சின்ன யன்னல் ஒன்று மட்டும் உள்ள நிலவறையில், பேஸ்மென்ற்றில் இருப்பவர்களுக்கு இந்த வித்தியாசம் இன்னும் பெரிது.

ஆகவே முதற் காரியம், தினமும் பகலில் வெளியே போவது. காலை எழும்பியதும் எல்லாத் திரைச்சீலையையும் திறவுங்கள். தேத்தண்ணியை யன்னலோரம் இருந்து குடியுங்கள். பிறகு காலை ஒன்பதுக்கும் பன்னிரண்டுக்கும் இடையில், வெளிக்கிட்டு அரை மணித்தியாலமாவது வெளியே நடவுங்கள். அரை மணித்தியாலம் கடினம் என்றால் பத்து நிமிடத்தில் தொடங்குங்கள். நல்ல வெயில் வரட்டும் என்று காத்திருந்தால் மாசி முடிந்துவிடும். மப்பான நாளிலும் போங்கள்.

உங்கள் பெரிய பயம் சறுக்கி விழுவது. அது நியாயமான பயம். இந்த வயதில் இடுப்பு எலும்பு உடைந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். அதனால் முதலில் சப்பாத்தைக் கவனியுங்கள். ரொறன்ரோவின் மறுவாழ்வு ஆய்வு நிறுவனத்தில் பனிக்கட்டித் தளம் அமைத்துக் குளிர்காலச் சப்பாத்துகளைச் சோதிக்கிறார்கள். 2016இல் அவர்கள் முதன்முதலாக வெளியிட்ட முடிவுகளில், கடையில் விற்கும் சப்பாத்துகளில் பெரும்பாலானவை தேறவில்லை. சறுக்காதவற்றுக்குப் பனித்திவலைக் குறி கொடுத்து, "ரேட் மை டிரெட்ஸ்" என்ற இணையத்தளத்தில் பட்டியல் போட்டிருக்கிறார்கள். விலையைப் பார்த்தோ வடிவைப் பார்த்தோ வாங்காமல், அந்தப் பட்டியலைப் பார்த்து வாங்கித் தரும்படி பிள்ளைகளிடம் கேளுங்கள். சப்பாத்தின் அடியில் மாட்டும் இரும்புப் பற்களும் கடைகளில் உண்டு. வெளியே மட்டும் போட்டு, கடைக்குள் நுழையும்போது கழற்றிவிட வேண்டும். கையைக் கோட்டுப் பைக்குள் வைக்காமல், சின்னச் சின்ன அடியாக, பாதம் முழுவதும் நிலத்தில் படும்படி நடவுங்கள். உறைமழை பெய்த நாளில் நடக்க வேண்டாம். அன்று யன்னலோரமே போதும்.

நடக்க முடியாதவர்கள், முழங்கால் வருத்தக்காரர், பெரிய யன்னல் உள்ள இடமாகப் பார்த்துப் போய் இருக்கலாம். நமது பகுதி நூலகங்கள் அதற்கு வசதி. பல கிளைகளில் தமிழ்ப் புத்தகங்கள் உண்டு. உள்ளே போக ஒரு சதமும் இல்லை. எவ்வளவு நேரம் இருந்தாலும் ஏன் என்று கேட்க ஆளில்லை. பஸ்ஸில் 65 வயதுக்கு மேற்பட்டோருக்குக் கட்டணமும் குறைவு. இந்த நகரத்தின் நூலகங்கள் குளிர்கால இருட்டை ஒரு பொதுப் பிரச்சினையாகவே பார்த்திருக்கின்றன. 2017இல் ரொறன்ரோ பொது நூலகம், ஒளிச்சிகிச்சை விளக்குகளை இரண்டு கிளைகளில் வைத்துப் பார்த்தது. அவற்றில் ஒன்று, நம்மவர் நிறைந்து வாழும் மல்வேண் கிளை.

அந்த விளக்கைப் பற்றியும் சொல்ல வேண்டும். 10,000 லக்ஸ் ஒளி தரும் பலகைபோன்ற விளக்கு அது. காலை எழும்பிய கொஞ்ச நேரத்தில், முகத்திலிருந்து ஒன்றிரண்டு அடி தூரத்தில், விளக்கோடு வரும் குறிப்பில் சொன்ன தூரத்தில் வைத்து, இருபது முப்பது நிமிடம் அதன் முன் இருக்க வேண்டும். விளக்கையே உற்றுப் பார்க்கக் கூடாது. கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு பேப்பர் வாசிக்கலாம், தேவாரம் படிக்கலாம், காய்கறி வெட்டலாம். பலருக்கு ஒன்றிரண்டு வாரத்தில் வித்தியாசம் தெரியும். இது வெறும் நம்பிக்கை வைத்தியம் அல்ல. பிரிட்டிஷ் கொலம்பியப் பல்கலைக்கழகத்தின் ரேமண்ட் லாம் தலைமையில் கனடாவின் நான்கு நகரங்களில் நடந்த ஆய்வு ஒன்று 2006இல் வெளிவந்தது. குளிர்கால மனச்சோர்வு உள்ளவர்களில் ஒரு பகுதியினருக்கு விளக்கும், மறு பகுதியினருக்கு மனச்சோர்வு மாத்திரையும் கொடுத்துப் பார்த்தபோது, இரண்டும் ஒரே அளவு பலன் தந்தன.

ஆனால் வைத்தியரிடம் கேட்காமல் விளக்கு வாங்க வேண்டாம். நீரிழிவால் கண்ணின் திரை பாதிக்கப்பட்டவர்கள், கண்ணில் வேறு வருத்தம் உள்ளவர்கள், வெளிச்சத்துக்குத் தோலும் கண்ணும் கூசும் மருந்து எடுப்பவர்கள், மனம் ஒரேயடியாக எழும்பிப் பிறகு ஒரேயடியாக விழும் இருமுனை நோய் உள்ளவர்கள் முதலில் கேட்க வேண்டும். நம் முதியோரில் நீரிழிவு எவ்வளவு பேருக்கு என்று உங்களுக்கே தெரியும். புற ஊதாக் கதிரை வடிகட்டிய விளக்காகவும் இருக்க வேண்டும்.

வைற்றமின் டி பற்றி எல்லோரும் கேட்கிறீர்கள். நவம்பர் முதல் மாசி வரை ரொறன்ரோவில் சூரியன் தாழ்வாகவே போகிறது. அந்த வெயிலில் நின்றாலும் தோலில் வைற்றமின் டி போதிய அளவு உண்டாகாது. நம் நிறத்துக்கு அது இன்னும் குறைவு. யன்னல் கண்ணாடி அதற்கான கதிரை முற்றாகவே மறித்துவிடும். 51 வயதுக்கு மேற்பட்டோர் தினமும் 400 அலகு மாத்திரை எடுக்க வேண்டும் என்று கனடாவின் சுகாதாரத் துறை சொல்கிறது. எடுங்கள், எலும்புக்கு அது வேண்டும். ஆனால் அந்த மாத்திரை மனச்சோர்வைத் தடுக்கும் என்று நம்பி இருந்துவிடாதீர்கள். அமெரிக்காவில் ஐம்பது வயது தாண்டிய 18,000க்கும் மேற்பட்டோரை ஐந்து வருடமளவில் கவனித்த பெரிய ஆய்வொன்று 2020இல் வெளிவந்தது. வைற்றமின் டி எடுத்தவர்களுக்கும் எடுக்காதவர்களுக்கும் மனச்சோர்வில் வித்தியாசம் காணப்படவில்லை. எலும்புக்கு மாத்திரை, மனத்துக்கு வெளிச்சம். ஒன்றை எடுத்தால் மற்றது வேண்டாம் என்று ஆகாது.

இனி, கொஞ்சம் மனம் நோகக்கூடிய ஒரு விசயம். உங்கள் நித்திரையைக் கெடுப்பதில் தொலைபேசிக்கும் பங்கு உண்டு. இங்கே குளிர்காலத்தில் இரவு பத்து மணி என்றால் யாழ்ப்பாணத்தில் மறுநாள் காலை எட்டரை. தங்கச்சி விடிய எழும்பி வேலை முடித்துவிட்டுக் கதைக்கும் நேரம், இங்கே நீங்கள் படுக்க வேண்டிய நேரம். கதைத்து முடிக்க நள்ளிரவாகிறது. கேட்ட செய்தியை யோசித்துக்கொண்டு படுக்க இரண்டு மணியாகிறது. காலை வெளிச்சம் முழுவதும் போர்வைக்குள் கழிகிறது. ஊரோடு கதைப்பதை விடச் சொல்லவில்லை; அது உங்கள் உயிர்நாடி. நேரத்தை மாற்றுங்கள். இங்கே காலை எட்டரைக்கு எடுத்தால் அங்கே இரவு ஏழு மணி. விளக்கேற்றி, ஓய்வாக இருக்கும் நேரம். யன்னலோர வெளிச்சத்தில் இருந்துகொண்டு கதைக்கலாம்.

மார்கழியில் திருவெம்பாவைக்குச் சங்கொலி கேட்டு விடியப்புறம் எழும்பி, கிணற்றுத் தண்ணீரில் குளித்துவிட்டுக் கோயிலுக்குப் போனவர்கள் நீங்கள். உங்களுக்கு ஒழுங்கைப் பற்றி யாரும் வகுப்பெடுக்கத் தேவையில்லை. அந்த ஒழுங்கை இங்கேயும் மீட்டெடுங்கள். தினமும் ஒரே நேரத்தில் எழும்புங்கள், சனி ஞாயிறும்கூட. மத்தியான நித்திரை அரை மணித்தியாலத்தைத் தாண்ட வேண்டாம். பின்னேரத்துக்குப் பிறகு கடும் தேத்தண்ணியும் கோப்பியும் வேண்டாம். இரவில் கண்ணருகே ரெலிபோன் திரையும் வேண்டாம்.

வெளிச்சம் பாதி மருந்து. மீதிப் பாதி, காத்திருக்க ஏதாவது ஒன்று இருப்பது. வெர்மாண்ட் பல்கலைக்கழகத்தின் கெல்லி ரோகன் என்ற உளவியலாளர், குளிர்கால மனச்சோர்வு உள்ள 177 பேரை இரண்டாகப் பிரித்துப் பார்த்தார். ஒரு பகுதியினருக்கு ஒளிச்சிகிச்சை. மறு பகுதியினருக்கு, எண்ணங்களையும் அன்றாடப் பழக்கங்களையும் மாற்றப் பயிற்சி தரும் பேச்சுச் சிகிச்சை. அந்தக் குளிர்காலத்தில் இரண்டும் சமமாகவே உதவின. இரண்டு குளிர்காலம் கழித்துப் பார்த்தபோது, விளக்கு வைத்திருந்தவர்களில் நூற்றுக்கு 46 பேருக்குச் சோர்வு திரும்ப வந்திருந்தது. பயிற்சி பெற்றவர்களில் நூற்றுக்கு 27 பேருக்குத்தான் வந்திருந்தது. அந்தப் பயிற்சியில் மந்திரம் ஒன்றும் கிடையாது. "இந்த நாசமாப்போன வின்ரர் என்னைக் கொல்லுது" என்ற எண்ணம் எழும்போது அதை அப்படியே நம்பிவிடாமல் ஒரு கேள்வி கேட்பது. மனம் வரட்டும் என்று காத்திராமல், விருப்பமான காரியம் ஒன்றை நாட்குறிப்பில் போட்டு, அந்த நேரத்துக்கு அதைச் செய்வது. செய்யச் செய்யத்தான் மனம் பின்னால் வருகிறது.

உங்களுக்கு என்ன விருப்பம் என்று உங்களைத் தவிர யாருக்குத் தெரியும்? தோசைக்கு அரைத்து அயல்வீட்டு அம்மாவைக் கூப்பிடுவது. புதன்கிழமைகளில் நான்கு பேர் கூடிக் காட்ஸ் விளையாடுவது. பேத்திக்கு அரிச்சுவடி சொல்லிக் கொடுப்பது. யன்னலோரச் சட்டியில் வெந்தயம் முளைக்க வைப்பது. ஊர்க்கதையை, உங்கள் ஐயா செய்த தோட்டத்தை, கடலுக்குப் போன சித்தப்பாவை, ஒரு கொப்பியில் எழுதி வைப்பது. கிழமையில் இரண்டு நாளாவது வீட்டுக்கு வெளியே ஒருவரைச் சந்திக்கும் காரியம் அதில் இருக்கட்டும். தொலைக்காட்சி நாடகங்களில் வரும் ஆட்கள் உங்களோடு கதைக்க மாட்டார்கள். ஜனவரி நடுவில் தைப்பொங்கல் வரும்போது, இங்கே பகல் தன் குறைந்த அளவிலிருந்து இருபது நிமிடமளவு நீண்டிருக்கும். ஆகவே கார்த்திகையிலேயே பொங்கலுக்குத் திட்டம் போடுங்கள். எந்த வீட்டில், யார் யார், யார் பானை, யார் அரிசி என்று பேசத் தொடங்குங்கள்.

குளிர் நாட்டில் பிறந்தவர்களே வெளிச்சத்தை எவ்வளவு பெரிதாக மதிக்கிறார்கள் என்பதற்கு ஒரு சான்று சொல்கிறேன். நோர்வேயில் ரியூக்கன் என்று ஓர் ஊர். ஆழமான பள்ளத்தாக்கில் இருப்பதால் புரட்டாதி கடைசியிலிருந்து பங்குனி வரை அந்த ஊரில் சூரிய வெளிச்சம் நேராக விழாது. 1928இல் அங்கிருந்த பெரிய கொம்பனி, ஊர் மக்கள் மலைமேல் ஏறி வெயில் காயட்டும் என்றே ஒரு கம்பிவடப் பெட்டியை அமைத்துக் கொடுத்தது. 2013இல் மலைச்சரிவில் மூன்று பெரிய கண்ணாடிகளை நிறுத்தி, சூரியனைத் திருப்பி ஊர்ச் சதுக்கத்தில் விழ வைத்தார்கள். வெளிச்சத்துக்காக ஓர் ஊரே இவ்வளவு செய்யலாம் என்றால், நாம் அரை மணித்தியாலம் வெளியே நிற்பது ஆடம்பரமோ பொழுதுபோக்கோ ஆகாது.

உங்கள் துயரம் எல்லாவற்றுக்கும் இருட்டுத்தான் காரணம் என்று நான் சொல்லவில்லை. நவம்பர் கடைசியும் டிசம்பர் கடைசியும் நம்மில் பலருக்கு இழந்தவர்களை நினைக்கும் நாட்கள். பிள்ளையைப் பறிகொடுத்தவர்கள் இருக்கிறீர்கள். ஆழிப்பேரலையில் குடும்பத்தையே இழந்தவர்கள் இருக்கிறீர்கள். காணாமல் போனவரின் படத்தை இன்னும் மாலை போடாமல் வைத்திருப்பவர்கள் இருக்கிறீர்கள். போர் நம் மனங்களில் விட்ட காயத்தைப் பற்றி யாழ்ப்பாணத்து மனநல மருத்துவர் தயா சோமசுந்தரம் "மனவடு" என்றே ஒரு நூல் எழுதினார். அந்தக் காயத்தை எந்த விளக்கும் ஆற்றாது. ஆனால் அதைச் சுமக்க உடம்பில் பலம் வேண்டும். நித்திரையும் வெளிச்சமும் அந்தப் பலத்தைத் தருகின்றன. காயத்தைப் பற்றிக் கதைக்க ஓர் ஆளும் வேண்டும்.

அந்த ஆள் முதலில் உங்கள் குடும்ப வைத்தியராக இருக்கட்டும். நம்மவர்கள் வைத்தியரிடம் போய்த் தலையிடி என்கிறார்கள், நெஞ்சு படபடப்பு என்கிறார்கள், சமிபாடு இல்லை என்கிறார்கள். அவர் இரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு "எல்லாம் சரி" என்கிறார். மனம் சரியில்லை என்று நாமும் சொல்வதில்லை. இம்முறை சொல்லுங்கள். "டொக்டர், ரெண்டு கிழமைக்கு மேல மனம் விழுந்துபோய்க் கிடக்கு, போன வின்ரரும் இப்பிடித்தான் இருந்தது" என்று நேராகச் சொல்லுங்கள். தைரொயிட், இரத்தச்சோகை போன்றவையும் இதே சோர்வைத் தரக்கூடும். அவற்றையும் அவர் பார்ப்பார். மாத்திரை வேண்டுமென்றால் பயப்படாமல் எடுங்கள். பங்குனி வெயிலைக் கண்டதும் நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள். ஒன்ராறியோவில் மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் இலவசமாகப் பேச்சுச் சிகிச்சை தரும் அரச திட்டம் உண்டு; அதற்கு அனுப்பும்படி வைத்தியரைக் கேட்கலாம். சூப்பர் விசாவில் வந்து ஓஹிப் அட்டை இல்லாதவர்கள், காப்புறுதி இல்லாதவர்களையும் பார்க்கும் சமூக சுகாதார நிலையங்களுக்குப் போகலாம். எங்கே என்ன உதவி உண்டென்று அறிய 211ஐ அழையுங்கள். மொழிபெயர்ப்பாளரைக் கேட்டால் ஒழுங்கு செய்வார்கள்.

"இனி இருந்து என்ன" என்ற எண்ணம் வந்தால், சாவைப் பற்றி யோசனை ஓடினால், அன்றைக்கே ஒருவரிடம் சொல்லுங்கள். 9-8-8 என்ற எண் இரவு பகல் எந்நேரமும் இயங்குகிறது. ஆங்கிலமும் பிரெஞ்சும்தான் அங்கே. ஆகவே பிள்ளையோ பேரப்பிள்ளையோ பக்கத்தில் இருந்து எடுத்துத் தரட்டும். உடனடி ஆபத்து என்றால் 911. அப்படி ஓர் எண்ணம் வந்ததைப் பிள்ளைகளுக்குச் சொல்வது அவர்களுக்குப் பாரம் கொடுப்பதாகாது. சொல்லாமல் விடுவதுதான் அவர்களுக்கு வாழ்நாள் பாரம்.

பிள்ளைகளுக்கும் ஒரு வார்த்தை. தம்பி, தங்கச்சி, உங்கள் அம்மாவும் அப்பாவும் உங்கள் குழந்தைகளைப் பார்த்துக்கொண்டு, சமைத்து வைத்துக்கொண்டு, நீங்கள் இரண்டு வேலை செய்ய வழிவிட்டிருக்கிறார்கள். காலை ஏழு மணிக்கு நீங்கள் போனால் மாலை ஆறு மணிக்குத்தான் வருகிறீர்கள். அந்தப் பகல் முழுவதும் அவர்கள் வாகனம் இல்லாமல், கதைக்க ஆள் இல்லாமல் இருக்கிறார்கள். "வீடு சூடாத்தானே இருக்கு, சாப்பாடு இருக்கு, பிறகென்ன குறை" என்று கேட்காதீர்கள். நல்ல சப்பாத்து வாங்கிக் கொடுங்கள். வாசற்படியில் உப்புப் போட்டுவிட்டு வேலைக்குப் போங்கள். நிலவறையில் அவர்கள் இருந்தால், பகலில் மேல்தளத்து யன்னலோரம் அவர்களுக்கென்று ஒரு கதிரை போடுங்கள். பஸ்ஸில் போகப் பழக்கிவிடுங்கள். முதல் சில தடவை கூடவே போங்கள். சனிக்கிழமைக் காலை ஒரு மணித்தியாலம் அவர்களோடு வெளியே நடவுங்கள். அம்மா வழக்கத்தைவிட அமைதியாக இருக்கிறா, அப்பா சாப்பாட்டில் குறை சொல்வதைக்கூட விட்டுவிட்டார் என்றால், அதைக் கவனியுங்கள். கூட உட்கார்ந்து கேளுங்கள். வைத்தியரிடம் போகும்போது மொழிபெயர்க்கப் போங்கள். ஆனால் உள்ளே கொஞ்ச நேரம் அவர்களைத் தனியே வைத்தியரோடு கதைக்க விடுங்கள். உங்கள் முன்னால் சொல்ல முடியாதவையும் இருக்கும்.

அம்மாமாரே, அப்பாமாரே, நீங்கள் பதுங்குகுழிக்குள்ளும் அகதி முகாமிலும் பிள்ளைகளைக் காத்தவர்கள். உங்களைப் பலவீனர் என்று சொல்ல இங்கே யாருக்கும் தகுதியில்லை. அதனால்தான், ஒரு பருவத்தின் இருட்டுக்கு நீங்கள் தனியே கட்டிலில் கிடந்து பலியாவதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. இந்தக் குளிர்காலம் முடியும்வரை மூன்று காரியம் செய்யுங்கள்: தினமும் காலை வெளிச்சத்தில் வெளியே போங்கள், கிழமைக்கு இரண்டு பேரையாவது நேரில் பாருங்கள், மனம் இரண்டு கிழமைக்கு மேல் எழும்பாவிட்டால் வைத்தியரிடம் சொல்லுங்கள். இதை வாசித்தவர்கள், வாசிக்கக் கண் தெரியாத ஒருவருக்கு வாசித்துக் காட்டுங்கள். வாசித்து முடிந்ததும் அவரையும் கூட்டிக்கொண்டு வெளியே நடவுங்கள்.

அன்புடன்,
ஸ்காபரோவிலிருந்து உங்கள் மகள்களில் ஒருத்தி